தூரத்தைக் கடைசியில் கேளுங்கள்: சென்னையில் பஸ், ரயில், மெட்ரோ கட்டணக் கணக்கு

சென்னையில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக எவ்வளவு ஆகும் என்று யாராவது கேட்டால், பதிலுக்கு நான் மூன்று கேள்வி கேட்பேன். போவது யார்? எதில் ஏறப் போகிறார்? பணம் எப்படிக் கொடுப்பார்? எத்தனை கிலோமீட்டர் என்பது நான்காவது கேள்வி. பல நேரங்களில் அதைக் கேட்க வேண்டிய அவசியமே வருவதில்லை.

நான் பாரிமுனையில், ஆண்டர்சன் தெருவில், ஒரு மொத்தக் காகிதக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீடு கிழக்குத் தாம்பரத்தில். வசூல் வேலைக்காக நகரம் முழுவதும் அலைகிற கணவர், பி.காம் படிக்கும் மகள், மயிலாப்பூரில் கொழுந்தனார் வீட்டில் இருக்கும் மாமனார், எப்போதும் யாராவது ஒரு விருந்தாளி. இத்தனை பேரும் ஒரே தடத்தில் போனாலும் ஒருவர் கொடுக்கும் கட்டணம் இன்னொருவருக்குப் பொருந்தாது. வெள்ளை போர்டு பஸ்ஸில் எனக்குக் காசே கிடையாது. பக்கத்தில் நிற்கும் கணவருக்கு உண்டு. மகளுக்கு ரயில் இலவசம், எனக்கு இல்லை. மாமனாருக்கு பஸ்ஸில் சலுகை உண்டு, ரயிலில் ஒன்றும் இல்லை. இதையெல்லாம் ஒரு முறை உட்கார்ந்து பார்த்துவிட்டால் மாதாமாதம் கையில் மிஞ்சுவது சின்னத் தொகை அல்ல.

பஸ்: எண்ணைப் பார்க்கும் முன் போர்டைப் பாருங்கள்

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தடம் எண்ணை மட்டும் பார்த்து ஓடிப்போய் ஏறுகிறார்கள். 21ஜி என்றால் 21ஜி தானே என்று நினைக்கிறார்கள். ஒரே எண்ணில் சாதாரணப் பேருந்தும் வரும், சொகுசுப் பேருந்தும் வரும். சில தடங்களில் குளிர்சாதனப் பேருந்தும் உண்டு. சாதாரணத்தைவிடச் சொகுசில் கட்டணம் ஏறக்குறைய இரு மடங்கு, ஏசியில் அதற்கும் மேலே. ஆனால் மூன்றும் அதே கத்திப்பாராவில் அதே நெரிசலில்தான் நிற்கப் போகின்றன. சொகுசு என்ற பெயருக்காக யாரும் வழிவிடப் போவதில்லை. மழையோ, முழங்கால் வலியோ, கையில் பெரிய பையோ இருந்தால் ஒழிய நான் சொகுசில் ஏறுவதில்லை.

சாதாரணக் கட்டணப் பேருந்தைத்தான் ஊரில் 'வெள்ளை போர்டு' என்கிறோம். 2021 மே 8 முதல் இவற்றில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதற்குப் பின்னால் வந்த பெயர் விடியல் பயணத் திட்டம். ஆதார், ரேஷன் கார்டு, எந்த ஊர், என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை. பெண் என்றால் போதும். திருநங்கைகளுக்கும் இதே சலுகை உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கும் உண்டு, துணைக்கு வருகிற ஒருவருக்கும் சேர்த்துத் தருகிறார்கள். அவர்கள் அடையாள அட்டையை வைத்திருக்க வேண்டும்.

இதில் மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது, இலவசம் என்றாலும் டிக்கெட் வாங்க வேண்டும். கண்டக்டர் கட்டணமில்லாப் பயணச்சீட்டு என்று ஒன்றைக் கிழித்துத் தருவார். எத்தனை பேர் அந்தச் சீட்டின் பேரில் போனார்கள் என்ற கணக்கில்தான் அரசு போக்குவரத்துக் கழகத்துக்குப் பணம் தருகிறது. ஆகவே கூச்சப்பட்டுக்கொண்டு ஒதுங்கி நிற்காமல் கேட்டு வாங்குங்கள், இறங்கும்வரை வைத்திருங்கள். இரண்டாவது, முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு அடித்த பஸ் வந்தால் சந்தேகமில்லாமல் ஏறலாம். 2022 ஆகஸ்டிலிருந்து அப்படி வண்ணம் பூசத் தொடங்கினார்கள். ஆனால் எல்லா வெள்ளை போர்டுக்கும் அந்த வண்ணம் இல்லை. மற்றவற்றில் படியில் கால் வைக்கும் முன் "மகளிருக்கு இலவசமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஏறிய பிறகு கேட்டால் அடுத்த நிறுத்தம்வரை டிக்கெட் எடுத்துத்தான் ஆக வேண்டும். மூன்றாவது, காத்திருக்கும் நேரத்துக்கும் ஒரு விலை போடுங்கள். இலவச பஸ்ஸுக்காக அரை மணி நேரம் நின்றுவிட்டு வேலைக்குத் தாமதமாகப் போய்ச் சம்பளத்தில் வெட்டு வாங்குவது சிக்கனம் ஆகாது.

கட்டணம் கொடுக்க வேண்டியவர்கள் ஸ்டேஜ் என்ற கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். பஸ் நிற்கும் ஒவ்வொரு இடத்துக்கும் தனிக் கட்டணம் கிடையாது. சில நிறுத்தங்களைச் சேர்த்து ஒரு ஸ்டேஜ். நீங்கள் ஏறிய ஸ்டேஜிலிருந்து இறங்கும் ஸ்டேஜ்வரை கணக்கு. ஸ்டேஜ் மாறும் நிறுத்தத்தைத் தாண்டி ஒரே ஒரு நிறுத்தம் போனாலும் அடுத்த ஸ்டேஜுக்கு உரிய கட்டணம்தான். உங்கள் அலுவலகம் இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவில் இருந்தால், ஸ்டேஜ் எங்கே முடிகிறது என்று கண்டக்டரிடம் ஒரு நாள் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூட்டமில்லாத நேரத்தில் கேட்டால் நன்றாகவே சொல்வார்கள். முந்தின நிறுத்தத்தில் இறங்கி நாலு எட்டு நடந்தால் மாதம் முழுவதும் மிச்சம்.

பஸ் மாறினால் டிக்கெட்டும் புதிதாக எடுக்க வேண்டும். முதல் டிக்கெட்டைக் காட்டினால் இரண்டாவது பஸ்ஸில் தள்ளுபடி என்று இங்கே எதுவும் இல்லை. ஒவ்வொரு மாற்றத்திலும் குறைந்தபட்சக் கட்டணம் மறுபடி தொடங்குகிறது. அதனால் நேர் பஸ் பத்து நிமிடம் கூடுதலாகச் சுற்றிப் போனாலும் பல நேரம் அதுவே மலிவு.

இனிச் சில்லறை. கண்டக்டரிடம் உடனே மீதி இல்லையென்றால் டிக்கெட்டின் பின்பக்கம் தொகையை எழுதிச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் கொடுத்துவிடுவார். காதில் செருகியிருந்த பேனா, விரல்களுக்கு நடுவே நீளவாக்கில் மடித்த நோட்டுகள், தோளில் தொங்கும் தோல் பை, இத்தனைக்கும் நடுவில் அந்த வட்டம் மட்டும் அழகாக விழும். அந்தச் சீட்டை மேல் பையில் வையுங்கள், கசக்காதீர்கள். இறங்குவதற்கு இரண்டு நிறுத்தம் இருக்கும்போதே நகர்ந்து போய்க் கேளுங்கள். படியில் நின்று கேட்டால் அவருக்கும் எடுத்துத் தர நேரமிருக்காது, பின்னால் நிற்பவர் உங்களைத் தள்ளிக்கொண்டு இறங்கிவிடுவார். இப்போது கண்டக்டரின் கருவியிலேயே யுபிஐ மூலம் பணம் கொடுக்கலாம் என்பதால் இந்தத் தொல்லை பெருமளவு குறைந்துவிட்டது. காசாகக் கொடுத்தாலும் போனில் கொடுத்தாலும் பஸ்ஸில் கட்டணம் ஒன்றுதான். 'பணம் எப்படி' என்ற என் மூன்றாவது கேள்வி மெட்ரோவுக்கு வந்த பிறகுதான் வேலை செய்யும்.

ஆயிரம் ரூபாய் பாஸ் யாருக்கு?

மாநகர் போக்குவரத்துக் கழகத்தில் விருப்பம்போல் பயணம் செய்யும் மாதப் பாஸ் 1000 ரூபாய். ஏசி தவிர மற்ற மாநகரப் பேருந்துகள் எல்லாவற்றிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். 2025 மார்ச்சில் ஏசி பஸ்ஸையும் சேர்த்து 2000 ரூபாய்க்கு இன்னொரு பாஸ் வந்தது.

கணக்கு எளிது. மாதத்தில் 25 நாள் வேலை என்றால் 1000 ரூபாய் என்பது நாளுக்கு 40 ரூபாய். உங்கள் பஸ் செலவு நாளுக்கு 40-ஐத் தாண்டுகிறதா? தாண்டினால் வாங்குங்கள், இல்லையென்றால் வேண்டாம். என் கணவர் காலையில் கிண்டி, மதியம் அம்பத்தூர், சாயங்காலம் புரசைவாக்கம் என்று வசூலுக்கு அலைகிறவர். பாஸ் இருப்பதால் எதிரே எந்த பஸ் வருகிறதோ அதில் ஏறுகிறார். சொகுசா சாதாரணமா என்று பார்ப்பதில்லை, பஸ் மாறுவதற்கும் அஞ்சுவதில்லை. சற்று முன் சொன்ன 'மாறினால் புதுக் கட்டணம்' என்ற விதி அவரைத் தொடாது. அவருக்கு இது லாபம். அதே பாஸை எனக்கும் ஒன்று வாங்கலாம் என்று அவர் சொன்னபோது கணக்குப் புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். வெள்ளை போர்டு கிடைக்கிற தடத்தில் போகிற பெண்ணுக்கு இந்தப் பாஸ் தண்டச் செலவு. வெள்ளை போர்டே அதிகம் வராத தடத்தில், தினமும் சொகுசில் மட்டும் போக வேண்டிய பெண்களுக்கு வேண்டுமானால் பயன்படும்.

பாஸ் வாங்கும் முன் இன்னொன்று. அந்த மாதத்தில் தீபாவளி, பொங்கல் என்று ஊருக்குப் போகிற நாட்கள் எத்தனை என்று நாள்காட்டியில் பாருங்கள். பத்து நாள் ஊரில் இருந்தால் மிச்சமிருக்கும் 15 நாளில் நாளுக்கு 66 ரூபாய்க்கு மேல் செலவழித்தால்தான் ஆயிரத்துக்குக் கணக்கு நேராகும்.

மூத்த குடிமக்களுக்கு, சென்னையில் வசிக்கும் 60 வயது நிறைந்தவர்களுக்கு, மாதம் 10 டோக்கன் இலவசமாகத் தருகிறார்கள். 2016 பிப்ரவரியில் தொடங்கிய திட்டம் இது. ஆறு மாதத்துக்கான டோக்கன்களை மொத்தமாகக் கொடுப்பார்கள். ஏசி பஸ்ஸில் செல்லாது. ஒரு பயணத்துக்கு ஒரு டோக்கன். மாமனார் முதலில் மயிலாப்பூரிலிருந்து திருவல்லிக்கேணி போவதற்கெல்லாம் டோக்கனைக் கொடுத்துக்கொண்டிருந்தார். இப்போது குறைந்த தூரத்துக்குக் காசு, நீண்ட தூரத்துக்கு டோக்கன் என்று மாற்றிவிட்டார். டோக்கனுக்குத் தூரம் தெரியாது. அதனால் கட்டணம் அதிகமாகிற பயணத்துக்குத்தான் அதைக் கொடுக்க வேண்டும். பாட்டிமார்களுக்கு வெள்ளை போர்டு ஏற்கெனவே இலவசம் என்பதால், அவர்கள் டோக்கனைச் சொகுசுப் பேருந்துக்கு என்று ஒதுக்கி வைக்கலாம்.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாப் பயண அட்டை உண்டு. கல்வியாண்டின் தொடக்கத்தில் புது அட்டை கைக்கு வரும்வரை சீருடையும் பழைய அட்டையும் போதும் என்று ஒவ்வோர் ஆண்டும் அறிவிக்கிறார்கள். அந்த நாட்களில் பிள்ளையை வண்ண உடையில் அனுப்பாதீர்கள்.

ரயில்: சீசன் டிக்கெட் என்ற பொக்கிஷம்

சென்னையில் தூரத்துக்குத் தூரம் பார்த்தால் மின்சார ரயிலை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. தாம்பரத்திலிருந்து கடற்கரை நிலையம்வரை கிட்டத்தட்ட 29 கிலோமீட்டர். இரண்டாம் வகுப்பில் 10 ரூபாய். கிண்டிவரை என்றால் 5 ரூபாய். டீக்கடையில் நின்று ஒரு டீ குடிக்கும் காசுக்கு நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வந்துவிடலாம்.

அதற்கும் கீழே கொண்டுபோவது சீசன் டிக்கெட். தாம்பரம் – கடற்கரை மாதச் சீசன் 185 ரூபாய். போக வர நாளுக்கு 20 ரூபாய் என்று வையுங்கள். பத்தாவது நாளில் சீசன் போட்ட காசு திரும்பிவிடுகிறது. அதற்கு மேல் போகிற ஒவ்வொரு நாளும் இலவசம். 24 நாள் வேலைக்குப் போகிறவர் தினமும் டிக்கெட் எடுத்தால் 480 ரூபாய், சீசனில் 185. இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டும் தினமும் காலையில் டிக்கெட் வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். வாரத்தில் மூன்று நாள் மட்டும் அலுவலகம், மற்ற நாள் வீட்டிலிருந்தே வேலை என்கிறவர்களுக்கும் சீசன் லாபம்தான். மாதத்தில் 12 அல்லது 13 நாள் வந்துவிடுகிறதே.

மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்றும் சீசன் உண்டு. மூன்று மாதத்துக்கு, மாதக் கட்டணத்தைப் போல் 2.7 மடங்கு. நமக்கு 185 என்றால் ஏறக்குறைய 500. மாதாமாதம் எடுத்தால் 555 ஆகியிருக்கும். ஆறு மாதத்துக்கு 5.4 மடங்கு, ஒரு வருடத்துக்கு 10.8 மடங்கு. இந்த எண்களை இன்னொரு தரம் பாருங்கள். ஆறு மாதச் சீசன் என்பது மூன்று மாதச் சீசனை இரண்டு முறை எடுப்பது, அவ்வளவுதான். கூடுதல் தள்ளுபடி ஒரு பைசா இல்லை. வருடச் சீசனும் அப்படியே. ஆகவே மூன்று மாதத்துக்கு மேல் எடுப்பதால் பணத்தில் லாபமில்லை. வேலை மாறலாம், வீடு மாறலாம், சீட்டே தொலைந்து போகலாம். தொலைந்தால் நகல் கிடையாது. நான் மூன்று மாதத்துக்கு மேல் எடுப்பதே இல்லை. முடிவதற்குப் பத்து நாள் முன்பிருந்தே புதுப்பிக்கலாம் என்பதால் முதல் தேதிக் கூட்டத்தில் போய் மாட்டிக்கொள்ள வேண்டியதும் இல்லை.

சீசன் ஒருவர் பெயருக்கு உரியது. கணவர் சீசனில் மனைவி போக முடியாது. அதனுடன் சேர்ந்த அடையாள அட்டையையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

இப்போது பலருக்கும் தெரியாத ஒன்றுக்கு வருகிறேன். வீட்டுக்கும் படிக்கும் இடத்துக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாதச் சீசனைப் பெண் பிள்ளைகளுக்குப் பட்டப் படிப்பு முடியும்வரை ரயில்வே இலவசமாகத் தருகிறது. ஆண் பிள்ளைகளுக்கு 12-ஆம் வகுப்புவரை. அதற்கு மேல் படிக்கும் மாணவர்களுக்குப் பாதிக் கட்டணத்தில் சீசன் உண்டு. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் பிள்ளைகளுக்குக் கூடுதல் சலுகை. இதற்குக் கல்லூரியிலிருந்து ரயில்வே படிவத்தில் சான்று வாங்கிவர வேண்டும். மகள் சேர்ந்த முதல் வாரமே அலுவலக அறைக்கு அனுப்பிக் கேட்கச் சொன்னேன். அங்கே இருந்தவருக்கே அப்படி ஒரு படிவம் இருப்பது சட்டென்று நினைவுக்கு வரவில்லையாம், அலமாரியைத் துழாவி எடுத்துக் கொடுத்தாராம். படிவத்தில் நிலையத்தின் பெயரை வீட்டுக்கு அருகில் இருப்பதாகவும் கல்லூரிக்கு அருகில் இருப்பதாகவும் சரியாக எழுத வேண்டும். பிறந்த தேதி, முத்திரை, கையெழுத்து மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். அடித்துத் திருத்தியிருந்தால் கவுண்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கல்லூரி பஸ்ஸுக்கு வருடம் முழுவதும் கட்டுகிற தொகையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள், அந்த அலைச்சல் பெரிதாகத் தெரியாது.

முதியவர்களுக்கு ரயிலில் முன்பு இருந்த சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது; இன்னும் திரும்பி வரவில்லை.

2025 ஏப்ரலில் கடற்கரை – செங்கல்பட்டு தடத்தில் ஏசி மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. குறைந்தபட்சம் 35 ரூபாய், முழுத் தூரத்துக்கு 105. சாதாரணச் சீசன் இதில் செல்லாது. ஏறினால் டிக்கெட் இல்லாதவர்தான். சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு நாள் ஏறலாம். தினமும் ஏறுவதற்குச் சம்பளம் வேறு மாதிரி இருக்க வேண்டும்.

டிக்கெட்டைப் போனில் எடுப்பவர்கள் (இப்போது ரயில்ஒன் செயலி) நடைமேடையில் நின்றுகொண்டு எடுக்க முயலாதீர்கள். நிலையத்துக்கு வெளியே எடுக்க வேண்டும், அல்லது நிலையத்தில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ய வேண்டும். பரிசோதகரிடம் செயலியைத் திறந்து டிக்கெட்டைக் காட்ட வேண்டும்; ஸ்கிரீன்ஷாட்டை ஏற்க மாட்டார். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் ரயிலில் குறைந்தது 250 ரூபாய் அபராதம், அதோடு கட்டணமும். முதல் வகுப்புப் பெட்டியில் இரண்டாம் வகுப்பு டிக்கெட்டோடு ஏறுவதும் இதே வகையில் சேரும். கூட்ட நேரத்தில் புதிதாக வருகிறவர்கள் தெரியாமல் அதில்தான் ஏறுகிறார்கள், காலியாக இருக்கிறதே என்று. மாநகரப் பேருந்தில் அபராதம் 500 ரூபாய்வரை போகும்.

மெட்ரோ: கவுண்டருக்குப் போகாதீர்கள்

இங்கேதான் பணம் கொடுக்கும் விதம் கட்டணத்தை மாற்றுகிறது. 2021 பிப்ரவரியில் கட்டணத்தைக் குறைத்து ஐந்து படிகளாக வைத்தார்கள். 2 கிலோமீட்டர்வரை 10 ரூபாய், 5 வரை 20, 12 வரை 30, 21 வரை 40, அதற்கு மேல் எவ்வளவு போனாலும் 50. அட்டையிலோ போனில் எடுக்கும் கியூஆர் டிக்கெட்டிலோ போனால் ஒவ்வொன்றிலும் 20 விழுக்காடு கழிவு. 40 ரூபாய் பயணம் 32 ஆகிறது, 50 ரூபாய் 40 ஆகிறது. கவுண்டரில் காசு கொடுத்து டிக்கெட் வாங்கினால் இந்தக் கழிவு இல்லை. எனவே மெட்ரோ நிலையத்தில் வரிசையில் நிற்பவர் நேரத்தையும் கொடுத்து, பணத்தையும் கூடுதலாகக் கொடுக்கிறார்.

செயலி எதுவும் இறக்க விருப்பமில்லாதவர்களுக்கு வாட்ஸ்அப் போதும். 83000 86000 என்ற எண்ணுக்கு எடுத்த எடுப்பில் ஊர்ப் பெயரை எழுதாதீர்கள். முதலில் 'Hi' என்று வணக்கச் செய்தி ஒன்று அனுப்பினால்தான் அது மொழி, நிலையம் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வரும். பணம் கட்டியதும் கியூஆர் சீட்டு அங்கேயே வந்துவிடும். மாமனாரே இதைக் கற்றுக்கொண்டுவிட்டார்.

நீல வழித்தடத்திலிருந்து பச்சைக்கு ஆலந்தூரிலோ சென்ட்ரலிலோ மாறினால் புதுக் கட்டணம் இல்லை. மெட்ரோவின் பழைய பயண அட்டையில் 2025 ஆகஸ்ட் முதல் பணம் ஏற்ற முடியாது. அதற்குப் பதில் சிங்காரச் சென்னை அட்டை. 2023-இல் மெட்ரோவுக்காக வந்த இந்த அட்டை 2025 ஜனவரி முதல் மாநகரப் பேருந்துகளிலும் செல்கிறது. மெட்ரோவில் கழிவு தரும் அதே அட்டை பஸ்ஸில் கழிவு தராது. சில்லறைத் தொல்லையை மட்டும் தீர்க்கும். அதில் நிறையப் பணத்தை ஏற்றி வைக்காதீர்கள், ஒரு வாரத்துக்கு வேண்டியது போதும்.

2025 செப்டம்பரில் சென்னை ஒன் என்ற செயலியும் வந்துவிட்டது. பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே கியூஆரில் டிக்கெட் எடுக்கலாம். ஒரே சீட்டு என்பதால் ஒரே கட்டணம் என்று நினைத்துவிட வேண்டாம். மூன்றின் கட்டணத்தையும் கூட்டித்தான் அது காட்டும். வரிசையில் நிற்பது மிச்சம், அது பெரிய விஷயம்தான்; ஆனால் விலைக் குறைப்பு அல்ல. அறிமுகச் சலுகைகள் அவ்வப்போது வரும் போகும். வந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள், அதை நம்பி மாதக் கணக்குப் போடாதீர்கள்.

பிள்ளைகளோடு போகும்போது

தங்கை குடும்பம் ஊரிலிருந்து வந்தால் மெரினா போகாமல் திரும்புவதில்லை. தங்கை, அவள் கணவர், எட்டு வயதுப் பையன், நாலு வயதுப் பெண். இந்த நாலு பேருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால் மூன்று வண்டிகளின் குணமும் தெரிந்துவிடும்.

பஸ்ஸில் ஐந்து வயதுவரை கட்டணம் இல்லை, அதிலிருந்து 12 வரை அரை டிக்கெட். வெள்ளை போர்டில் போனால் தங்கைக்கும் சின்னவளுக்கும் காசில்லை. தங்கை கணவருக்கு ஒரு டிக்கெட், பையனுக்கு அரை. செலவு மிகக் குறைவு, ஆனால் தாம்பரத்திலிருந்து கடற்கரைச் சாலைக்குப் போய்ச் சேரும்போது பிள்ளைகள் தூங்கிவிடும்.

ரயிலிலும் ஐந்து வயதுக்குக் கீழ் இலவசம், 12 வரை அரைக் கட்டணம். ஆனால் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய் என்பதால் 5 ரூபாய் தூரத்துக்குப் பிள்ளைக்கும் 5 ரூபாய்தான். அரை என்பது நீண்ட தூரத்தில்தான் தெரியும். தாம்பரத்திலிருந்து பார்க் நிலையத்தில் இறங்கி, பார்க் டவுனில் பறக்கும் ரயிலுக்கு (மேம்பாலத்தில் ஓடும் மின்சார ரயில்) மாறித் திருவல்லிக்கேணியில் இறங்கலாம். பஸ்ஸைப் போல் இங்கே மாறினால் புது டிக்கெட் வேண்டாம். கவுண்டரில் 'தாம்பரம் டு திருவல்லிக்கேணி' என்று சொல்லி ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள். பெரியவர் இருவருக்கு 20, பையனுக்கு 5, சின்னவளுக்கு ஒன்றுமில்லை. மொத்தம் 25.

மெட்ரோவில் வயதைக் கேட்க மாட்டார்கள், உயரத்தைப் பார்ப்பார்கள். 90 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் இலவசம், அதற்கு மேல் முழு டிக்கெட். அரை டிக்கெட் என்பதே கிடையாது. நாலு வயதுப் பெண் அந்தக் கோட்டை எப்போதோ தாண்டிவிட்டாள். அப்படியானால் நாலு முழு டிக்கெட். 40 ரூபாய் படியில் வைத்துக்கொண்டால் 160, கழிவு போக 128. தாம்பரத்துக்கு மெட்ரோ இல்லாததால் விமான நிலையம்வரை போகிற பஸ் செலவு தனி.

நான் அவர்களை ரயிலில்தான் அனுப்புவேன். போகும்போதே திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ளச் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை இருட்டிய பிறகு திருவல்லிக்கேணி கவுண்டரில், காலெல்லாம் மணலோடு, தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டியதில்லை.